குரலுக்கு ஒரு முகம்

குளித்தாயா, சாப்பிட்டாயா, கடைக்குப் போகவில்லையா, இன்னும் என்ன படுக்கை. இப்படி ஒரு குரல் நாள் முழுக்கக் காதில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால் அறையில் யாரும் இல்லை. மனச்சிதைவு நோயோடு வாழும் சென்னைக்காரர்கள் பலருக்குக் கேட்கும் குரல் இந்த ரகம்தான் என்று சொன்னால், இந்த நோயைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்களால் நம்ப முடியாது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் டான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் மருத்துவர் ஆர். பத்மாவதி உள்ளிட்ட ஒரு குழு 60 பேரிடம் உட்கார்ந்து பேசியது. கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோவில் 20 பேர், கானா நாட்டின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். எல்லாருக்கும் குரல் கேட்கும். கேள்வியும் எல்லாருக்கும் ஒன்றுதான்: பேசுவது யார், என்ன சொல்கிறார்கள்? 2015இல் பிரிட்டனின் மனநல மருத்துவ இதழில் முடிவு வெளியானது. அமெரிக்கர்களில் பலருக்குக் கேட்டவை ஊர் பேர் தெரியாத குரல்கள். வெட்டுவது, குத்துவது, வதைப்பது என்று மிரட்டுபவை. அக்ராவில் பலரிடம் கடவுள் பேசினார். சென்னையில் 20 பேரில் 11 பேரிடம் பேசியது சொந்தக்காரர்கள். புத்தி சொல்கிறார்கள், அதட்டுகிறார்கள், வீட்டு வேலை ஏவுகிறார்கள்.

எல்லாம் பாசமான குரல்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வெளியே சொல்லக் கூசும் ஆபாசத்தை ஓயாமல் பேசும் குரலும் சென்னைப் பட்டியலில் உண்டு. ஆனாலும் பேசுகிறவர் பெரும்பாலும் தெரிந்தவர். நோய் உலகெங்கும் ஒன்றுதான் என்றாலும், யாருடைய குரலில் அது பேச வேண்டும் என்பதை அவரவர் வளர்ந்த வீடும் ஊரும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது? நாம் எல்லாருமே மனத்துக்குள் ஏதோ பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படிப் பேசும்போது மூளை ஒரு காரியம் செய்கிறது. பேச்சுக்கான ஆணையைப் பிறப்பிக்கும்போதே, வரப்போவது நம்முடைய பேச்சுதான் என்று கேட்கும் பகுதிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் சிரிப்பு வராமல் போவதற்கும் இதே ஏற்பாடுதான் காரணம். தொடப்போவது நம் கைதான் என்று மூளைக்கு முன்பே தெரியும். அதனால் அந்த உணர்வை மட்டுப்படுத்திவிடுகிறது. லண்டனில் மூளை ஆய்வாளர்கள் சாரா ஜேன் பிளேக்மோர், கிறிஸ் ஃப்ரித் ஆகியோரின் குழு, குரல் கேட்பவர்களிடமும் பிறர் தம்மை இயக்குவதாக உணர்பவர்களிடமும் இதைச் சோதித்து 2000இல் எழுதியது. அவர்களுக்குத் தம் கை தொட்டாலும் பிறர் கை தொட்டாலும் உணர்வில் வேறுபாடு தெரியவில்லை. அதற்கு முன்பே, 1993இல், குரல் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் மூளையில் பேச்சை உண்டாக்கும் பகுதி விழித்துக்கொள்வதை வேறு ஆய்வாளர்கள் படம் எடுத்துக் காட்டியிருந்தார்கள். ஆக, காதில் விழுவது அவருடைய மூளையே பேசும் பேச்சு. தன்னுடையது என்ற முத்திரை மட்டும் விடுபட்டிருக்கிறது. இது முழு விளக்கம் அல்ல. ஆனால் “சும்மா நினைச்சுக்கிறான்” என்று வீட்டில் சொல்வது எவ்வளவு தப்பு என்பதற்கு இது போதும். அவர் நினைத்துக்கொள்ளவில்லை, உண்மையாகவே கேட்கிறார்.

மாத்திரை பலருக்குக் குரலை அடக்கிவிடும், அல்லது தணித்துவிடும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மாத்திரைக்குப் பிறகும் குரல் தொடர்கிறது. அவர்களுக்குத்தான் பேச்சுவழிச் சிகிச்சை மிகவும் தேவை. பிரிட்டனின் வழிகாட்டு நெறி இப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்தது 16 அமர்வுகள் வேண்டும் என்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர், தனித்து, ஒரே ஆளோடு, 16 முறை உட்கார வேண்டும்.

இதைச் சென்னையின் தெற்கு விளிம்பிலுள்ள தாம்பரத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெருங்களத்தூரிலோ சேலையூரிலோ ஓர் அம்மா. மகனுக்கு 22 வயது, தானாகப் பேசுகிறான், தானாகச் சிரிக்கிறான். மந்திரித்துப் பார்த்தாகிவிட்டது. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கிய பழம்பெரும் நிறுவனம். அங்கே போக மின்சார ரயில் ஏறினால் தாம்பரத்திலிருந்து 13ஆவது நிலையம் சேத்துப்பட்டு, அங்கிருந்து ஆட்டோ. தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை போய் மாத்திரை வாங்கி வரலாம், வாங்கியும் வருகிறார்கள். ஆனால் வாரந்தோறும் 16 வாரம், ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு, கூட்டத்தைக் கண்டாலே மிரளும் பிள்ளையைக் காலை நேர ரயிலில் ஏற்றிக்கொண்டு? அப்படியே போனாலும் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பேச ஆள் எங்கே? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, தீவிர மனநோய் கொண்ட நான்கு பேரில் மூவருக்கு அடிப்படைச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை. பேச்சுவழிச் சிகிச்சை அதற்கும் அடுத்த கட்டம். மாத்திரை கிடைக்கிற ஊரிலும் பேச்சு கிடைப்பதில்லை.

இந்த ரயில் பாதைக்கு ஒரு பழைய கதை உண்டு, இங்கே சொல்லியாக வேண்டும். தாம்பரம் சானடோரியம் என்ற நிலையத்தின் பெயரே 1928இல் டாக்டர் சௌரி முத்து அமைத்த காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்தது. காசநோயாளியை ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் வைத்துக்கொள்வதுதான் அந்தக் கால வைத்தியம். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் ஒரு கேள்வி கேட்டது: நோயாளி தன் வீட்டிலேயே, நெரிசலான ஒற்றை அறையிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் என்ன? 1959இல் விடை வந்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே அதன்பின் காசநோய் மருத்துவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனது. மனநோய்க்கான பேச்சையும் அப்படி வீட்டுப் பக்கம் கொண்டுபோக முடியுமா என்பதுதான் இப்போதைய கேள்வி. கையில் இருப்பவை திரையும் கைபேசியும்.

திரையை வைத்துச் செய்தவற்றில் என்னை மிகவும் வியக்க வைத்தது ஜூலியன் லெஃப் என்ற லண்டன் மருத்துவரின் யோசனை. அவர் ஆளே சுவாரசியமானவர். 1980களில் சண்டிகர் மருத்துவர் என்.என். விக் குழுவோடு சேர்ந்து, மனச்சிதைவு கொண்டவரிடம் வீட்டார் எப்படிப் பேசுகிறார்கள் என்று அளந்தவர். குத்திப் பேசும் வீடுகளில் நோய் சீக்கிரம் திரும்புகிறது. சண்டிகர்க் குடும்பங்களில் லண்டனைவிடக் குத்தல் பேச்சு குறைவு என்று கண்டார்கள். வீட்டுக்குள் பேசப்படும் பேச்சை இப்படி ஆயுள் முழுக்கக் கவனித்த அந்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு, 2008இல், தலைக்குள் கேட்கும் பேச்சின் பக்கம் திரும்பினார். குரலால் அவதிப்படுபவர்களை மிகவும் வாட்டுவது எதிராளி கண்ணுக்குத் தெரியாததுதான். அந்த எதிராளிக்கு ஒரு முகம் கொடுத்தால்?

அவதார் சிகிச்சை என்று இதற்குப் பெயர். முதலில் நோயாளி கணினி முன் உட்கார்ந்து, தன்னோடு பேசும் குரலுக்கு எப்படிப்பட்ட முகம் என்று தானே உருவாக்குகிறார்: கண், மூக்கு, வயது, முடி. பிறகு குரலைக் கூட்டிக் குறைத்து, காதில் கேட்பதற்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறார்கள். சிகிச்சையாளர் அடுத்த அறையில் இருப்பார். அவர் ஒலிவாங்கியில் பேசினால் மென்பொருள் அந்த நொடியே அதைத் திரை உருவத்தின் குரலாக மாற்றிவிடும், உதடும் அசையும். ஒரு விசையை மாற்றினால் அவரே தன் சொந்தக் குரலில் “பயப்படாதீங்க, பதில் சொல்லுங்க” என்று தைரியம் சொல்லலாம். தொடக்க அமர்வுகளில் உருவம், நோயாளி சொன்ன அதே வசவுகளைத்தான் பேசும். நீ எதற்கும் லாயக்கில்லை, செத்துப் போ என்பது போல. நோயாளி நேருக்கு நேர் பார்த்து மறுத்துப் பேசப் பழக வேண்டும். அமர்வுக்கு அமர்வு உருவம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரும்; கேள்வி கேட்கும், ஒப்புக்கொள்ளும், சில நேரம் மன்னிப்பும் கேட்கும். பேசிய பதிவை நோயாளி கையோடு எடுத்துப் போய், வீட்டில் குரல் தொல்லை கொடுக்கும்போது போட்டுக் கேட்கலாம்.

2013இல் வெளியான முதல் சிறு சோதனையில் 26 பேர். அதிகபட்சம் ஏழு அமர்வு, ஒவ்வொன்றும் அரை மணி நேரம். மூன்று பேருக்குக் குரல் அடியோடு நின்றுபோனது. 2018இல் 150 பேரை வைத்துச் செய்த சோதனையில், 12 வாரத்தில், ஆறுதல் பேச்சு பெற்றவர்களைவிட அவதார் பெற்றவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள்; 24 வாரத்தில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. 2024இல் 345 பேரை வைத்து நடத்திய அடுத்த சோதனையும் இதே போக்குதான்: 16ஆவது வாரத்தில் மனவேதனை குறைந்திருந்தது, 28ஆவது வாரத்தில் அந்த வேறுபாடு உறுதியாக இல்லை, ஆனால் நீண்ட வடிவச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குரல் கேட்கும் தடவைகள் அப்போதும் குறைந்தே இருந்தன. அற்புதம் என்று தலைப்பு போட இது போதாது. மருந்துக்கு அசையாத குரல் ஆறேழு அமர்வில் இவ்வளவு அசைகிறது என்பது சாதாரணமும் அல்ல.

இனி லெஃப்பின் கருவியையும் லூர்மனின் கண்டுபிடிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குரோம்பேட்டையில் ஒரு மருமகள் இந்தத் திரை முன் உட்கார்ந்தால் வரையப்போகும் முகம் யாருடையது? சாத்தான் முகமாக இருக்காது. இறந்துபோன மாமனாராக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட பெண்ணிடம், அந்த முகத்தைப் பார்த்து “வாயை மூடு” என்று சொல்லப் பழகுங்கள் என்றால் சொல்வாரா? சொன்னால் நிம்மதி வருமா, குற்ற உணர்ச்சி வருமா? என் ஊகம், நம் ஊரில் இந்தச் சிகிச்சை சண்டையாக நடக்காது, சமாதானமாகத்தான் நடக்கும். “மாமா, சொன்னது போதும், இனி நான் பார்த்துக்கிறேன்” என்று மரியாதையோடு வாசல்வரை கொண்டுபோய் விடுகிற மாதிரி. குளி, சாப்பிடு என்று சொல்லும் குரலை விரட்டத்தான் வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். தொல்லை தரும் குரலுக்குத்தான் சிகிச்சை. தொல்லை எது என்பதைக் கேட்கிறவர்தான் சொல்ல முடியும். மென்பொருளைத் தமிழாக்குவது சுலபம். அந்த அடுத்த அறையில் உட்காருகிறவருக்கு மாமனார் எப்படிப் பேசுவார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் குழு வேறு வழி பிடித்தது. சந்தேகத்தாலும் பயத்தாலும் வெளியே காலடி வைக்காமல் முடங்கியவர்களுக்கு மெய்நிகர்க் கண்ணாடி மாட்டி, தெரு, பேருந்து, கடை, மருத்துவரின் காத்திருப்பு அறை, மதுக்கூடம் என்று ஒவ்வொன்றாக நடமாட விடுகிறார்கள். வழிகாட்டுவது கணினிக்குள் இருக்கும் ஒரு பயிற்சியாளர் உருவம். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் இருந்தால் போதும், உளவியல் நிபுணரே வேண்டும் என்பதில்லை. ஆறு அமர்வுகள். 346 பேரிடம் சோதித்து 2022இல் எழுதினார்கள். மிக மோசமாக முடங்கியிருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். நிபுணர் பஞ்சமுள்ள நம் போன்ற இடத்துக்கு அவதாரைவிட இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் காட்சிகளை மாற்ற வேண்டும். தாம்பரத்துப் பையனுக்கு மதுக்கூடம் எதற்கு? மாலை ஆறு மணி தாம்பரம் ரயில் மேடை வேண்டும், முட்டி இடிக்கும் ஷேர் ஆட்டோ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கல்யாண மண்டபம்: “இப்ப எங்க வேலை பாக்குற?” என்று நான்கு பக்கமும் கேட்கும் உறவினர்களோடு. அந்தப் பந்தியில் அரை மணி நேரம் உட்கார முடிந்துவிட்டால் மீதியெல்லாம் அவனுக்கு எளிதுதான்.

கைபேசியை வைத்து நடக்கும் ஆராய்ச்சி இன்னொரு வகை. நோய் திரும்பும் முன் ஆள் மாறிவிடுகிறார்: தூக்கம் கெடுகிறது, வெளியே போவது குறைகிறது, போன் எடுப்பதில்லை. பையில் கிடக்கும் கைபேசிக்கு இதெல்லாம் தெரியும். பாஸ்டன் மருத்துவர்கள் உருவாக்கிய மைண்ட்லேம்ப் என்ற செயலியைப் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் போபாலில் சங்காத் அமைப்பிலும் சேர்த்துச் சோதித்தார்கள்; நோய் திரும்புவதற்கு முந்தைய காலத்தில் வழக்கத்துக்கு மாறான தடயங்கள் கூடியிருந்ததை 2023இல் எழுதினார்கள். நல்ல செய்தி. எனக்கு மட்டும் ஓர் உறுத்தல் போகவில்லை. யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று நடுங்குகிற மனிதரின் கையில், அவரை உண்மையாகவே கண்காணிக்கும் கருவியைக் கொடுக்கிறோம். அவர் முழுச் சம்மதத்தோடு, எது பதிவாகிறது, யார் பார்ப்பார்கள் என்று விளங்கச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். மேலும், பல வீடுகளில் ஒரே போன்தான். பகலில் அண்ணன் கையில், ராத்திரி தங்கை படிப்புக்கு. செயலி யாருடைய தூக்கத்தை அளக்கும்?

இதையெல்லாம் படித்துவிட்டு லண்டனிலிருந்து எல்லாம் வந்திறங்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப், 2004 சுனாமிக்குப் பிறகே திரைவழி மருத்துவத்தில் இறங்கியது. 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தையே கிளினிக்காக மாற்றி ஓட விட்டார்கள். பேருந்து கிராமத்துக்கு வரும், உள்ளே திரை, சென்னையில் மருத்துவர், பேசி முடித்ததும் அங்கேயே மருந்து. திரையைவிட முக்கியமானவர்கள் பேருந்தோடு சேர்ந்து உழைத்த உள்ளூர்ப் பணியாளர்கள். அந்தந்த வீட்டை அறிந்தவர்கள் அவர்கள்தான். கோவா, மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய இடங்களில் 282 பேரை வைத்து நடந்து, 2014இல் லான்செட் இதழில் வந்த ஆய்வும் இதையே காட்டியது: மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வீடு தேடிப் போனபோது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நோயாளிகள் ஓரளவு மேலாக இருந்தார்கள். தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியானது. அதன் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு மூடிய அறை, ஒரு திரை, பயிற்சி பெற்ற ஒருவர் என்று வைப்பது பெரிய செலவு அல்ல. கீழ்ப்பாக்கத்திலோ செங்கல்பட்டிலோ இருக்கும் உளவியலாளர் வாரம் ஒரு மணி நேரம் அந்தத் திரையில் வந்தால், அம்மாவுக்குக் கூலியும் போகாது, மகனுக்கு 13 நிலையமும் கடக்க வேண்டாம்.

செயற்கை அறிவுத் தோழரிடமே பேசிவிடலாமே என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். கணினி இந்தத் துறைக்குப் புதிதல்ல. 1966இல் ஜோசஃப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற கணினி நிரல் மருத்துவர் போலப் பேசியது. சில ஆண்டுகள் கழித்து கென்னத் கோல்பி எழுதிய பாரி, எதைக் கேட்டாலும் சந்தேகப்படும் நோயாளி போலப் பேசியது. 1972இல் இரண்டையும் பேச விட்டுப் பார்த்தார்கள். மருத்துவர் கணினி கேட்டுக்கொண்டே இருந்தது, நோயாளிக் கணினி எரிச்சல்பட்டுக்கொண்டே இருந்தது. இன்றைய செயற்கை அறிவு உரையாடிகள் அவற்றைவிடப் பல மடங்கு சாமர்த்தியமானவை. ஆனால் அவற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம்: நாம் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவது. பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகக் கதிர் அனுப்புகிறார் என்று ஒருவர் எழுதினால், எச்சரிக்கையாக இருங்கள் என்று அது ஆலோசனை சொல்லக்கூடும். இந்த ஆபத்தை டென்மார்க் மனநல மருத்துவர் சோரன் ஆஸ்டர்கார்ட் 2023இலேயே எழுதினார். அவதார் திரைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தனியாக விடப்பட்ட உரையாடியின் பின்னால் அப்படி யாரும் இல்லை. தீவிர மனநோய் கொண்ட ஒருவருக்கு அதை மருத்துவராகக் கொடுக்கக் கூடாது என்பதே என் முடிவு.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒருவர் தானாகப் பேசுகிறார், ஆளில்லாத குரலுக்குப் பதில் சொல்கிறார், எல்லாரையும் சந்தேகப்படுகிறார் என்றால், நாள் கடத்தாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது; கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். முதலில் எடுப்பவர் ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்புவார்கள். நோயாளி பேச மறுத்தால் வீட்டார் பேசலாம். பேசும்போது, குரல் கேட்கிறது என்பதோடு நிறுத்தாமல், அது யாருடைய குரல், என்ன சொல்கிறது என்பதையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள். தற்கொலை செய்துகொள் என்றோ பிறரைத் தாக்கு என்றோ குரல் ஏவுவதாகச் சொன்னால், போனோடு நிற்காமல் அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.